எங்கள் வீட்டுப் பிள்ளையும் அந்தச் சீருடையில்

பொலிஸ் நிலைய வாசல்வரை போய்த் திரும்பி வந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. காணாமற்போன மகனைத் தேடிப் போனவர்கள், குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்லப் போனவர்கள், காணி எல்லைத் தகராறுக்காகப் போனவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். உள்ளே இருப்பவர் பேசும் மொழி எங்களுக்குப் புரியாது. எங்கள் மொழி அவருக்குப் புரியாது. முறைப்பாட்டில் என்ன எழுதப்பட்டது என்று தெரியாமலே கையொப்பம் வைத்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். இன்னும் சிலர் சீருடையைக் கண்டதும் பழைய நினைவுகள் நெஞ்சை அடைக்க, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில், படித்துப் பட்டம் பெற்று வேலைக்காகக் காத்திருக்கும் மகள் ஒருநாள், "அம்மா, பொலிஸுக்கு ஆள் எடுக்கினமாம். நானும் விண்ணப்பம் போடட்டோ?" என்று கேட்டால் அந்தத் தாய் என்ன சொல்வாள்? வேலை கிடைக்கும், மாதச் சம்பளம் வரும் என்று மனம் ஒருபக்கம் சொல்லும். அயலவர் என்ன சொல்வார்கள், பிள்ளைக்கு என்ன ஆகும் என்று மறுபக்கம் பதறும்.

இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்பே எதிர்கொண்ட தாய்மார் வேறொரு தேசத்தில் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் நீடித்த மோதலுக்குப் பின்னர், ஒரு சமூகத்தினரின் பொலிஸ் என்று பெயர் பெற்றிருந்த படையை இரு சமூகத்தினரின் பொலிஸாக மாற்ற முயன்ற வட அயர்லாந்துதான் அது. அங்கே எப்படி ஆட்சேர்த்தார்கள், எப்படிப் பயிற்சி கொடுத்தார்கள், அதனால் என்ன நன்மை வந்தது, என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை வாசகியருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பக்கத்தாரின் பொலிஸ்

வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதி. அங்கே வாழ்வோர் தொகை சுமார் 19 இலட்சம். பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்புவோர் பெரும்பாலும் புரட்டஸ்தாந்தினர். அயர்லாந்துக் குடியரசுடன் சேர விரும்புவோர் பெரும்பாலும் கத்தோலிக்கர். 1960களின் இறுதியில் வெடித்த மோதலில் 1998 வரை 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சிறிய நாடு என்பதால், யாரையாவது இழக்காத தெரு ஒன்றைக் காண்பது அங்கே கடினம்.

அங்கிருந்த பொலிஸ் படையின் பெயர் றோயல் அல்ஸ்டர் கொன்ஸ்டபியூலரி. 1922இல் அது தொடங்கப்பட்டபோது மூன்றில் ஒரு பங்கு இடங்கள் கத்தோலிக்கருக்கென ஒதுக்கப்பட்டன. ஆனால் அந்த இடங்கள் ஒருபோதும் முழுமையாக நிரம்பவில்லை. தொடக்க ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்த கத்தோலிக்கர் தொகை பின்னர் தேய்ந்துகொண்டே வந்தது. 2001ஆம் ஆண்டளவில் நூறு பொலிஸாரில் எட்டுப் பேர் மட்டுமே கத்தோலிக்கர். சனத்தொகையிலோ அவர்கள் ஏறக்குறையப் பாதி.

ஏன் இப்படியானது? இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, பொலிஸின் மேலிருந்த பயம். கத்தோலிக்கப் பகுதிகளில் பொலிஸ் என்றால் கதவை உடைத்து வருபவர்கள், பிள்ளைகளைப் பிடித்துச் செல்பவர்கள் என்றே எண்ணினார்கள். 1989இல் பெல்பாஸ்ட் நகரில் பற் பினுகேன் என்ற சட்டத்தரணி தம் வீட்டில், மனைவி பிள்ளைகளின் கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்டார். அதை ஆராய்ந்தவர், இலங்கையில் பிறந்த சட்டத்தரணி சேர் டெஸ்மண்ட் டி சில்வா. அரச தரப்பினருக்கும் கொலையாளிகளுக்கும் இடையே தொடர்பிருந்ததை அவரது 2012 அறிக்கை எடுத்துக்காட்டியது. பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தில் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

மற்றையது, ஆயுதக் குழுக்களின் மேலிருந்த பயம். பொலிஸில் சேரும் கத்தோலிக்கரைத் துரோகி என்றார்கள். அவரது குடும்பம் ஊரில் இருக்க முடியாது. தாயின் மரணச் சடங்குக்குக்கூட ஊருக்குப் போகத் தயங்க வேண்டிய நிலை. பொலிஸாரின் பக்கத்திலும் துயரம் குறைவாக இருக்கவில்லை. அந்த மோதலில் 300க்கும் மேற்பட்ட பொலிஸார் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் மனைவியர் இருந்தார்கள், தாய்மார் இருந்தார்கள்.

ஊர் ஊராகச் சென்ற ஆணைக்குழு

1998 ஏப்ரல் 10ஆம் திகதி பெரிய வெள்ளி உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன்படி பொலிஸைச் சீரமைக்க ஒரு சுயாதீன ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் கிறிஸ் பற்றன். ஹொங்கொங்கின் கடைசி பிரித்தானிய ஆளுநராக இருந்தவர் இவர். எட்டுப் பேர் கொண்ட அக்குழுவில் இரு பெண்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான கத்லீன் ஓ'டூல், சட்டம் படிக்கும் காலத்திலேயே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பொலிஸில் சேர்ந்தவர். பின்னர் 2004இல் அந்நகரப் பொலிஸின் முதற் பெண் ஆணையாளராகவும் ஆனார்.

இந்த ஆணைக்குழு ஊர் ஊராகச் சென்று பொதுக்கூட்டங்கள் நடத்தியது. 10,000க்கும் மேற்பட்டோர் அவற்றுக்கு வந்தார்கள். ஒரே மண்டபத்தில், பொலிஸால் பிள்ளையை இழந்த தாயும், ஆயுதக் குழுவால் பொலிஸ்காரக் கணவனை இழந்த மனைவியும் எழுந்து பேசினார்கள். 1999 செப்ரெம்பரில் வெளிவந்த அறிக்கையில் 175 விதப்புரைகள் இருந்தன. பொலிஸின் பெயர், சின்னம், சத்தியப்பிரமாணம், பயிற்சி, கண்காணிப்பு, ஆட்சேர்ப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விட்டால் பயனில்லை என்று அறிக்கை எச்சரித்தது.

2001 நவம்பர் 4ஆம் திகதி பழைய பெயர் போய், 'வட அயர்லாந்துப் பொலிஸ் சேவை' என்ற புதிய பெயர் வந்தது. 'படை' என்பது 'சேவை' ஆனது. புதிய சின்னத்தில் பிரித்தானிய முடியும் இருந்தது, அயர்லாந்தின் யாழும் மூவிலைச் செடியும் இருந்தன. கூடவே ஒலிவக்கிளை, தராசு, தீபம். பழைய பெயருக்காக உயிர் கொடுத்தவர்களின் குடும்பங்களுக்கு இது பெரும் மனவேதனையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கணவனின் கல்லறையில் எழுதப்பட்ட பெயரை அழிப்பது போல அவர்கள் உணர்ந்தார்கள்.

சரிபாதி ஆட்சேர்ப்பு

இந்தச் சீர்திருத்தத்தின் இதயம் ஆட்சேர்ப்புத்தான். அதை 'ஐம்பதுக்கு ஐம்பது' என்று அழைத்தார்கள். நடைமுறை இதுதான்.

முதலில், ஆட்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு பொலிஸின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கப்பட்டது. தெரிந்தவர், உறவினர், சிபாரிசு என்ற வழிகளை அடைப்பதற்கே இந்த ஏற்பாடு. விண்ணப்பித்தவர்கள் எழுத்துப் பரீட்சை, நேர்முகம், உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை என்று எல்லாப் படிகளையும் தாண்ட வேண்டும். இதில் எவருக்கும் புள்ளிச் சலுகை இல்லை. தகுதி பெற்ற எல்லோரும் ஒரு பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பட்டியலிலிருந்துதான் ஒரு கத்தோலிக்கர், ஒரு கத்தோலிக்கர் அல்லாதவர் என்று சரிபாதியாக எடுக்கப்பட்டார்கள். எனவே, தகுதியற்றவரைச் சேர்த்துவிட்டார்கள் என்று எவரும் சொல்ல வழியில்லை.

இளமைக் காலத்தில் செய்த சிறு தவறு ஒன்றுக்காக விண்ணப்பதாரரை ஒதுக்கிவிடக் கூடாது என்றும் பற்றன் அறிக்கை சொன்னது. மோதல் நடந்த ஊரில் வளர்ந்த பிள்ளையின் பெயர் ஏதோ ஒரு கலவரத்தில் பொலிஸ் ஏட்டில் ஏறியிருக்கலாம் அல்லவா? அதை மனதிற்கொண்டே இவ்வாறு கூறப்பட்டது.

ஆசிரியர்கள், மதகுருமார், அரசியல்வாதிகள், விளையாட்டுக் கழகத்தினர் ஆகியோர் பிள்ளைகளைத் தடுக்காமல் ஊக்குவிக்க வேண்டும் என்றும் அறிக்கை வேண்டிக்கொண்டது. அயர்லாந்துக் கிராமங்களில் கேலிக் விளையாட்டுச் சங்கம் என்பது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்தது போன்றது. பொலிஸில் இருப்பவர் அதில் அங்கத்தவராகக் கூடாது என்று நெடுங்காலமாக விதி இருந்தது. அந்த விதி 2001 நவம்பரில் நீக்கப்பட்டது. பொலிஸில் சேர்ந்த பிள்ளை தன் ஊர் மைதானத்தில் தொடர்ந்து பந்தாட முடியும் என்றானது. சிறிய விடயம் போலத் தோன்றினாலும், அந்தப் பிள்ளையின் தாய்க்கு அது பெரிய ஆறுதல்.

எதிர்ப்பும் இருந்தது. பரீட்சையில் தேறியும் இடம் கிடைக்காத புரட்டஸ்தாந்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். யாரோ செய்த பழைய பிழைக்குத் தாங்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் நீதிமன்றம் வரை சென்றார், ஆனால் வழக்கில் தோற்றார். ஐரோப்பிய ஒன்றியமும் தனது வேலைவாய்ப்புச் சமத்துவ விதிகளில் வட அயர்லாந்துப் பொலிஸுக்கென்று தனி விலக்களித்திருந்தது. ஆனால் இந்த ஏற்பாடு நிரந்தரமானது அல்ல, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே என்பது ஆரம்பத்திலேயே தெளிவாக்கப்பட்டிருந்தது. பத்து ஆண்டுகளில் கத்தோலிக்கர் 30 வீதத்தை எட்டலாம் என்று பற்றன் குழு மதிப்பிட்டது. 2011 மார்ச் இறுதியில் இத்திட்டம் முடிவுக்கு வந்தபோது அந்த அளவை ஏறக்குறைய எட்டியிருந்தார்கள்.

அணிவகுப்பைக் குறைத்து, மனிதரைப் படித்தல்

புதிய பயிலுநர்கள் பெல்பாஸ்ட் நகரின் கார்னர்வில் பொலிஸ் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள். சரிபாதியாகத் தெரிவான முதலாவது அணி 2002இல் பயிற்சி முடித்து வெளியேறியது. இதுவரை ஒரே பாடசாலையில்கூடச் சேர்ந்து படித்திராத பிள்ளைகள் அங்கே ஒரே வகுப்பில் இருந்தார்கள். வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். மறுபக்கத்தைச் சேர்ந்த ஒருவரோடு பக்கத்தில் இருந்து சாப்பிடுவதே சிலருக்குப் புதிய அனுபவமாக இருந்திருக்கும்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் பற்றன் குழு தெளிவாக இருந்தது. அணிவகுப்பு நேரத்தைக் குறைக்க வேண்டும். மனித உரிமையை ஒரு தனிப் பாடமாக ஒருநாள் சொல்லிக் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், எல்லாப் பாடத்திலும் கலந்து கற்பிக்க வேண்டும். இரு சமூகங்களையும் சேர்ந்தவர்கள் வந்து தங்கள் வழக்கங்கள், அச்சங்கள், கசப்புகள் பற்றிப் பயிலுநருடன் பேச வேண்டும். ஓர் ஊரில் ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் ஆளைப் பிடிப்பதோடு நிற்காமல், அதன் காரணத்தை அவ்வூர் மக்களுடன் சேர்ந்து கண்டறியப் பழக வேண்டும். பயிற்சியில் பல்கலைக்கழகங்களுக்கும் பங்கு இருக்க வேண்டும். பயிற்சியை வெற்றிகரமாக முடித்த பின்னரே ஒருவர் சத்தியப்பிரமாணம் செய்து பொலிஸாக வேண்டும்.

அந்தச் சத்தியப்பிரமாணமும் புதிதாக எழுதப்பட்டது. நேர்மையுடனும் பக்கச்சார்பின்றியும் கடமை செய்வேன், அடிப்படை மனித உரிமைகளைக் காப்பேன், எல்லா மனிதரையும் அவர்களது மரபுகளையும் நம்பிக்கைகளையும் சமமாக மதிப்பேன் என்பது அதன் பொருள். 2000ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டத்திலேயே இது இடம்பெற்றுள்ளது.

படித்த பிள்ளைகளைப் பொலிஸுக்கு எடுப்பது ஏன் முக்கியம் என்று சிலர் கேட்கலாம். முறைப்பாட்டைக் கேட்டு எழுதுவது, சாட்சியத்தைச் சேர்ப்பது, நீதிமன்றில் பதில் சொல்வது, அழுதுகொண்டு வருபவரிடம் பொறுமையாக விடயத்தை அறிவது எல்லாமே படிப்பும் நிதானமும் வேண்டிய வேலைகள். உடல்வலு மட்டும் போதும் என்று எண்ணிய காலம் போய்விட்டது.

பெண்களுக்கு என்ன நடந்தது?

பழைய படையில் பெண்கள் இருந்தார்கள். ஆனால் ஆண்களுக்குத் துப்பாக்கி கொடுக்கப்பட்டபோது பெண்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இதையே காரணம் காட்டி, 1980இல் மார்கரீற் ஜோன்ஸ்ரன் என்ற பெண் பொலிஸின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டது. ஆயுதம் இல்லாதவருக்குக் கொடுக்கப் போதிய வேலை இல்லை என்றார்கள். ஆயுதம் கொடுக்காதவர்களும் அவர்கள்தான் என்பதை வாசகியர் கவனிக்க. அவர் முறையிட்டபோது, இது நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, கேள்வி கேட்க முடியாது என்று அரசாங்கம் அத்தாட்சிப் பத்திரம் ஒன்றைக் காட்டியது. அவர் விடவில்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. பாதுகாப்பு என்று ஒரு கடதாசியைக் காட்டி, பெண்ணொருவர் நீதிமன்றில் நியாயம் கேட்கும் வழியை அடைத்துவிட முடியாது என்று 1986இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு இன்றும் ஐரோப்பிய சட்ட மாணவர்களால் படிக்கப்படுகிறது.

பற்றன் சீர்திருத்தத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கீடு இருக்கவில்லை. ஆனால் பகுதி நேர வேலை, ஒரு பதவியை இருவர் பகிர்ந்து செய்தல், பிள்ளை வளர்ப்புக்காகச் சில காலம் விலகியிருந்து மீண்டும் சேர்தல் போன்ற வசதிகள் வேண்டும் என்று அறிக்கை வலியுறுத்தியது. 2001இல் நூறு பொலிஸாரில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரே பெண்கள். இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். 1982இல் சாதாரண பொலிஸாகச் சேர்ந்த ஜூடித் கிலெஸ்பி 2004இல் முதற் பெண் உதவிப் பொலிஸ் மாஅதிபராகவும், 2009இல் முதற் பெண் பிரதிப் பொலிஸ் மாஅதிபராகவும் உயர்ந்தார்.

பொலிஸைக் கேள்வி கேட்க ஒரு பெண்

ஆட்சேர்ப்பு மட்டும் நம்பிக்கையைக் கொண்டுவந்துவிடாது. பொலிஸ் தவறு செய்தால் அதைப் பொலிஸே விசாரிக்கும் முறை இருக்கும்வரை, புதிய முகங்களைக் கண்டு மக்கள் ஏமாற மாட்டார்கள். எனவே 2000ஆம் ஆண்டில் பொலிஸ் குறைகேள் அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். அவருக்கெனத் தனிப் புலனாய்வாளர்கள் இருந்தார்கள். பொலிஸ் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரம் இருந்தது.

முதலாவது குறைகேள் அதிகாரி நூலா ஓ'லோன் என்ற பெண். சட்ட விரிவுரையாளராக இருந்தவர். 1977இல் தான் பணியாற்றிய கல்லூரியில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தபோது, வயிற்றிலிருந்த குழந்தையை இழந்தவர். அந்த வேதனையைச் சுமந்துகொண்டே, எந்தப் பக்கமும் சாயாமல் பொலிஸின் தவறுகளை அவர் விசாரித்தார். 29 பேர் பலியான 1998 ஓமா குண்டுவெடிப்பு விசாரணையில் நடந்த குறைபாடுகளை 2001இல் வெளிப்படுத்தினார். புரட்டஸ்தாந்து ஆயுதக் குழு ஒன்றின் கொலையாளிகளைத் தகவலாளிகளாக வைத்துக்கொண்டு பொலிஸ் பிரிவொன்று பாதுகாத்ததை 2007 ஜனவரியில் வெளியிட்டார். கொல்லப்பட்ட புரட்டஸ்தாந்து இளைஞர் ஒருவரின் தந்தை செய்த முறைப்பாடே அந்த விசாரணைக்கு வித்திட்டது என்பது கவனத்திற்குரியது. பொலிஸின் அநீதி ஒரு சமூகத்தை மட்டும் சுடுவதில்லை.

இதைவிட, அரசியல்வாதிகள் 10 பேரும் பொதுமக்கள் தரப்பிலிருந்து 9 பேரும் கொண்ட பொலிஸ் சபையும் அமைக்கப்பட்டது. பொலிஸ் மாஅதிபர் இச்சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நீண்டகாலம் பொலிஸை ஏற்க மறுத்த சின் பெயின் கட்சி 2007 ஜனவரி 28ஆம் திகதி விசேட மாநாடு கூட்டி, பொலிஸை ஆதரிப்பதென முடிவெடுத்தது.

ஐந்து சகோதரிகள்

அந்த முடிவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2005 ஜனவரி 30ஆம் திகதி இரவு பெல்பாஸ்ட் மதுச்சாலை ஒன்றின் வெளியே றொபேட் மக்கார்ட்னி என்ற கத்தோலிக்கர் குத்திக் கொல்லப்பட்டார். கொலையில் ஐ.ஆர்.ஏ. உறுப்பினர்கள் சம்பந்தப்பட்டிருந்தார்கள். மதுச்சாலையில் எழுபது பேரளவில் இருந்தும் எவரும் எதையும் காணவில்லை என்றார்கள். தாங்கள் அப்போது கழிவறையில் நின்றதாகவே பலரும் கூறினார்கள்.

அவருக்கு ஐந்து சகோதரிகள். அவர்களும் றொபேட்டின் துணைவியும் வீட்டுக்குள் இருந்து அழுவதோடு நிற்கவில்லை. தங்கள் ஊரில் எவரும் செய்யத் துணியாததைச் செய்தார்கள். ஆயுதக் குழு தாங்களே தண்டனை கொடுப்பதாகச் சொன்னபோது, எங்களுக்கு வேண்டியது பழிவாங்கல் இல்லை, நீதிமன்றில் நீதி என்று மறுத்தார்கள். கண்டவர்கள் பொலிஸுக்குப் போய்ச் சொல்லுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். 2005 மார்ச்சில் வெள்ளை மாளிகைவரை சென்று பேசினார்கள். மிரட்டல்களின் மத்தியில் அக்குடும்பத்தினர் சிலர் வாழ்ந்த வீட்டைவிட்டுப் போகவும் நேர்ந்தது. அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆனாலும் அவர்கள் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது. பொலிஸிடம் போக முடியாத ஊரில் வலியவன் வைத்ததே சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் அடிபடுபவர்கள் பெண்களும் பிள்ளைகளும். கணவனின் கொடுமையைப் பற்றிச் சொல்ல ஆயுதக்காரரிடம் போக வேண்டிய பெண்ணுக்கு என்ன நீதி கிடைக்கும் என்பதை நாம் யோசித்துப் பார்க்கலாம்.

ஒரு தாயின் வேண்டுகோள்

சரிபாதி ஆட்சேர்ப்பு முடிவுக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. 2011 ஏப்ரல் 2ஆம் திகதி ஓமா நகரில், ரோனன் கெர் என்ற 25 வயது கத்தோலிக்க இளம் பொலிஸ்காரர் தன் காரின் கீழ் வைக்கப்பட்ட குண்டு வெடித்து இறந்தார். பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்த பிள்ளை. சமாதானத்தை ஏற்காத ஒரு சிறு குழுவினரே இதைச் செய்தார்கள். அவர்களுடைய நோக்கம் தெளிவானது. இனி எந்தக் கத்தோலிக்கத் தாயும் தன் பிள்ளையைப் பொலிஸுக்கு அனுப்பக் கூடாது.

மகனை இழந்த தாய் கைம்பெண். அந்தத் துயரத்திலும் மக்கள் முன் வந்து, இதைக் கண்டு பயந்து கத்தோலிக்கப் பிள்ளைகள் பொலிஸில் சேராமல் விட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். மரணச் சடங்கில், கேலிக் விளையாட்டுச் சங்கத்தினரும் சீருடை அணிந்த பொலிஸாரும் மாறி மாறிப் பேழையைச் சுமந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் இந்த இரு தரப்பினரும் ஒரு மைதானத்தில்கூடச் சேர்ந்து நின்றிருக்க மாட்டார்கள். புரட்டஸ்தாந்துக் கட்சியின் தலைவரான முதலமைச்சர் பீற்றர் றொபின்சன் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் வந்து அஞ்சலி செலுத்தினார்.

இன்றைய நிலை

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. சரிபாதி முறை நிறுத்தப்பட்டபின் கத்தோலிக்கரின் தொகை மேலே ஏறாமல், சுமார் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவிலேயே நின்றுவிட்டது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கத்தோலிக்கப் பின்னணி உடையோர் 45.7 வீதமாகவும், புரட்டஸ்தாந்துப் பின்னணி உடையோர் 43.5 வீதமாகவும் இருந்தார்கள். அந்த முறையை மீண்டும் கொண்டுவர வேண்டுமா என்ற விவாதம் தொடர்கிறது.

2023 ஓகஸ்ட் மாதம் இன்னொரு அடி விழுந்தது. தகவல் அறியும் விண்ணப்பம் ஒன்றுக்குப் பதில் அனுப்பும்போது நடந்த கவனக்குறைவால், ஏறக்குறைய 9,500 பொலிஸாரதும் ஊழியர்களதும் குடும்பப் பெயர், பதவி, பணியிடம் ஆகியவை இணையத்தில் வெளியாகிவிட்டன. தான் பொலிஸ் என்பதை அயலவருக்கும், சில வேளைகளில் உறவினருக்கும்கூடச் சொல்லாமல் மறைத்து வாழ்ந்தவர்கள் பலர். காலையில் காரின் கீழ் குனிந்து பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றும் வழக்கம் இன்னும் அங்கே போகவில்லை. ஆட்சேர்ப்பதோடு கடமை முடிவதில்லை, சேர்ந்தவரைக் காப்பாற்றும் பொறுப்பும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எங்கள் வாசலில்

அன்பான வாசகியரே, ஒரு நாட்டின் கதை இன்னொரு நாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தாது. அவர்களுக்கு மொழி ஒன்றே. எங்களுக்கோ மொழியே முதற் தடை. ஆயினும் அங்கே நடந்தவற்றிலிருந்து சிலவற்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிலரைச் சேர்த்துப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவதால் பொலிஸ் எல்லோருக்கும் சொந்தமாகிவிடாது. போதிய தொகையில் சேர வேண்டும். சேர்பவர் தம் மொழியையும் வழக்கத்தையும் வாசலில் கழற்றி வைக்காமல் பணிபுரிய முடிய வேண்டும். பயிற்சி மாற வேண்டும். தவறு நடந்தால் கேட்பதற்குப் பொலிஸுக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும். பழைய கொலைகளுக்குப் பதில் சொல்லாமல் புதிய சீருடையை மட்டும் காட்டினால் தாய்மார் நம்ப மாட்டார்கள். வட அயர்லாந்தில் இவையெல்லாம் ஒன்றாகத் தொடங்கப்பட்டன. எவை தளர்ந்தனவோ அங்கே நம்பிக்கையும் தளர்ந்தது.

அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1988இல் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழும் நிருவாக மொழி. ஏனைய மாகாணங்களிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்க எமக்கு உரிமை உண்டு. பொலிஸ் நிலையம் அதற்குப் புறம்பானது அன்று. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத கடதாசியில் கையொப்பம் வைக்க வேண்டாம். தனியே போகாமல் கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வாருங்கள்.

விண்ணப்பம் போடட்டோ என்று கேட்ட மகளுக்கு என்ன பதில்? அதை எந்தக் கட்டுரையாலும் சொல்ல முடியாது. இழந்தவளுக்குத்தான் அந்தப் பயத்தின் எடை தெரியும். போகாதே என்று சொல்லும் தாயை நாம் குறை சொல்ல மாட்டோம். போ என்று சொல்லும் தாயைத் துரோகி என்று ஊரார் சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் கடமைதான். அந்தப் பிள்ளை என்றாவது ஒருநாள் மேசைக்கு மறுபுறம் அமர்ந்து, கண் கலங்கி வரும் ஒரு பெண்ணிடம், "இருங்கோ அம்மா, என்ன நடந்தது, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று எங்கள் மொழியில் கேட்கக் கூடும். அந்த ஒரு வசனத்துக்காக நாங்கள் எத்தனை வருடம் வாசலில் நின்றோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.